முட்டுக்கட்டை போடும் கைகள்

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம். என் கண் எப்போதும் ஆண்டாள் தேருக்கு முட்டுக்கட்டை போடுபவர்கள் மேல்தான். உருளும் சக்கரத்தை ஒட்டி நடந்து, தக்க நொடியில் கட்டையைச் செருகுவார்கள்.

விமானிகளும் அப்படித்தான். 2014 நவம்பர் 6, சூரத். புறப்பட வேகமெடுத்த ஸ்பைஸ்ஜெட் விமானம், இருட்டில் ஓடுபாதைக்குள் வந்த எருமை மீது மோதியது. விமானி புறப்பாட்டைக் கைவிட்டார். பயணிகள் அனைவரும் தப்பினார்கள்.

ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் 'வி1' என்றொரு வேகத்தை முன்கூட்டியே கணக்கிடுவார்கள். அதற்குள் பிரேக் போட்டால் ஓடுபாதைக்குள்ளேயே நின்றுவிடலாம். தாண்டிவிட்டால் பறந்தே ஆக வேண்டும்.

மதுரையில் உங்கள் விமானம் பாதி ஓட்டத்தில் நின்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். யாரோ சரியான நொடியில் கட்டை போட்டிருக்கிறார். மனதார நன்றி சொல்லுங்கள்.