வாள் மரத்திடம் வந்த நாள்

உங்கள் வீட்டு அலுமாரியில், பழைய கடவுச்சீட்டுகளுக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் தகரப் பேணி இருக்கக்கூடும். அதற்குள் யூரோ வருவதற்கு முந்திய காலத்து மார்க், பெனிக் காசுகள் கிடக்கும். இருந்தால் 50 பெனிக் காசு ஒன்றைத் தேடி எடுத்துப் பாருங்கள். தலையில் துணி கட்டிய ஒரு பெண் முழங்காலில் நின்று ஓக் கன்று ஒன்றை நடுகிறாள். 1949 இலிருந்து அடிக்கப்பட்ட காசு அது. ரிச்சார்ட் மார்ட்டின் வெர்னர் என்ற சிற்பி வடிவமைத்தார். அவருக்கு மாதிரியாக இருந்தவர் அவருடைய மனைவி கெர்டா யோ வெர்னர்.

போர் முடிந்த கையோடு இந்த நாட்டின் காடுகள் வெட்டையாகிக் கிடந்தன. விறகுக்கு மக்கள் வெட்டினார்கள். போர் இழப்பீடாகப் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் வெட்டிக்கொண்டு போனார்கள். ஆண்கள் பலர் செத்துவிட்டார்கள், அல்லது சிறைமுகாம்களில் இருந்தார்கள். அதனால் மலைச்சரிவுகளில் கன்று நட்டவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். குல்ட்டூர்ஃபிரௌவன் என்று அவர்களுக்குப் பெயர். காசில் இருப்பது ஓக் கன்று என்றாலும், உண்மையில் அவர்கள் அதிகம் நட்டது ஃபிக்ட மரத்தைத்தான். கிறிஸ்மஸ் மரம் போல ஊசியிலையோடு நெடுநெடுவென்று நிற்குமே, அதுதான். வேகமாக வளரும், நேராக வளரும், வெட்டவெளியிலும் பிழைக்கும். அந்த நேரத்தில் வேறு என்ன வேண்டும்?

நாங்கள் இருப்பது சௌவர்லாண்ட் மலைப்பகுதியின் ஓரத்தில். ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வருபவர்கள் கொஞ்சம் தெற்கே காரை விட்டால் எங்கள் பக்கம் வந்துவிடலாம். எங்கள் தெருவில் ஒரு முதியவர் இருக்கிறார். தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் ஓப்பாதான், நானும் அப்படியே கூப்பிட்டு வளர்ந்தேன். அவருக்கு இரண்டு ஹெக்டேயர் காடு இருக்கிறது. ஜேர்மனியில் காடு என்றால் எல்லாம் அரசாங்கத்துடையது என்று நினைக்காதீர்கள். ஏறக்குறையப் பாதி தனியாருடையது, அதிலும் நிறையப் பேரிடம் இருப்பது இப்படித் துண்டு துண்டான காடு. ஓப்பாவின் காட்டை 1951 இல் அவருடைய அம்மாவும் பெரியம்மாவும் நட்டார்கள். கைக்குழந்தையான அவரை ஒரு கூடைக்குள் வைத்துக் கொண்டுபோனார்களாம்.

அந்தக் காடு மூன்று கோடையில் செத்துப்போனது.

முதல் அடி புயல். 2007 ஜனவரி 18 இல் கிரில் என்ற புயல் சௌவர்லாண்டில் மலை மலையாக மரங்களைச் சரித்தது. சரியாகப் பதினொரு வருடம் கழித்து, அதே ஜனவரி 18 இல், ஃபிரீடரிக்க என்ற புயல் வந்தது. அதன் பிறகு 2018, 2019, 2020 என்று தொடர்ந்து மூன்று வரண்ட ஆண்டுகள். ஃபிக்ட மரத்தின் வேர் ஆழத்துக்குப் போகாது. மேல் மண் காய்ந்தால் அதற்குத் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் பிசின் இல்லை. பிசின் இல்லாவிட்டால் வண்டைத் தடுக்க ஆயுதம் இல்லை.

அந்த வண்டின் நீளம் ஐந்து மில்லிமீற்றர் அளவுதான். பெயர் புக்டுறுக்கர், அதாவது புத்தகம் அச்சடிப்பவன்! பட்டைக்குக் கீழே தாய் வண்டு ஒரு நேர்கோடு போலக் குடைந்து இரண்டு பக்கமும் முட்டை இடும். பொரித்து வரும் புழுக்கள் அதிலிருந்து பக்கவாட்டில் வரிவரியாகக் குடைந்துகொண்டு போகும். பட்டையை உரித்துப் பார்த்தால் திறந்து வைத்த புத்தகத்தின் இரண்டு பக்கம் மாதிரியே இருக்கும். நல்ல மரம் என்றால் துளைக்கிற வண்டைப் பிசினில் மூழ்கடித்துவிடும். தாகத்தில் நிற்கிற மரத்தால் அது முடியாது. அந்தச் சில வருடங்களில் ஜேர்மனி முழுக்கச் சுமார் 5 இலட்சம் ஹெக்டேயர் காடு அழிந்தது. ரயிலில் போகும்போது சாம்பல் நிற மலைகளைப் பார்த்திருப்பீர்கள்.

இப்போது ஒரு கணக்கு. நான் படித்தது பொறியியல், செய்வது கணினி ஆலோசனை. ஆகவே கணக்கு இல்லாமல் எனக்குக் கதை சொல்ல வராது. நாலு மீற்றர் நீளம், நடுவில் 35 சென்ரிமீற்றர் விட்டம் உள்ள ஒரு குற்றி 0.38 கனமீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும். வண்டு வருமுன் நல்ல ஃபிக்ட மரம் கனமீற்றர் 90 யூரோ அளவில் போனது. வண்டு விழுந்த மரத்துக்கு 30 யூரோ கிடைத்தாலே பெரிய காரியம் என்றாகிவிட்டது. அப்படியானால் அந்தக் குற்றிக்குப் பதினொன்றரை யூரோ. வெட்டுகிறவருக்கும் இழுக்கிறவருக்கும் கொடுத்தால் மிச்சம் ஏதும் இருக்குமா என்பது சந்தேகம். எழுபது வருடம்!

இதில் என்னை எரிச்சலூட்டியது 2021 வசந்தத்தில் நடந்தது. கொரோனாக் காலத்தில் எல்லோரும் வீடு திருத்தத் தொடங்கினார்கள், உலகம் முழுக்கப் பலகைக்குத் தட்டுப்பாடு, கடைகளில் விலை மேலே மேலே ஏறியது. காட்டுக்காரருக்கு மட்டும் அந்த விலை வந்து சேரவில்லை. குற்றி மலிவு, பலகை விலை. இடையில் இருப்பது ஒரு வாள்தானே என்று ஓப்பா ஒரு நாள் வேலியடியில் நின்று சொன்னார். விற்கிற மரத்தை விற்றுவிட்டு, அம்மா நட்ட மரங்களில் 60 குற்றியையாவது பலகையாக்கி வைக்கப் போகிறேன் என்றார். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை நடமாடும் வாள் வந்தது. அப்பாவும் நானும் கைகொடுக்கப் போனோம்.

அப்பா 1986 இல் இங்கே வந்தவர். முப்பது வருடம் உணவகக் குசினிகளில் நின்றவர். அதற்கு முதல் அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு மரக்காலையில் வேலை பார்த்தார் என்பது எனக்குத் தெரியும், ஆனால் குடும்பப் படத்துக்குக் கீழே எழுதிய ஒரு வரி மாதிரித்தான் தெரியும். வன்னியிலிருந்து லொறியில் வரும் முதிரை, பாலை மரங்களை அவர் தள்ளி, உருட்டி, அரிந்திருக்கிறார்.

காரின் பின்னால் இழுத்து வரக்கூடிய அந்த இயந்திரத்தைச் சுற்றி அப்பா இரண்டு தரம் நடந்தார். பிறகு சொன்னார்:

"எங்கட மரக்காலையில மரம்தான் வாளிட்டப் போகும். இஞ்ச வாளெல்லோ மரத்திட்ட வருது."

முழு விஷயமும் இதுதான், பிள்ளைகளே. பெரிய ஆலையில் வாள் ஓரிடத்தில் சுழலும், குற்றி தள்ளுவண்டியில் ஏறி அதை நோக்கிப் போகும். நடமாடும் வாளில் குற்றி தண்டவாளம் போன்ற சட்டத்தில் அசையாமல் படுத்திருக்கும். இரண்டு சில்லுகளில் பட்டி மாதிரி ஓடும் மெல்லிய வாள், இயந்திரத் தலையோடு சேர்ந்து குற்றியின் மேலாக வரும். இந்தப் பட்டிவாள் யோசனை பழையது. 1808 இலேயே இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி காப்புரிமை எடுத்துவிட்டார். ஆனால் இரண்டு முனையையும் ஒட்டிய இடத்தில் வாள் அறுந்துகொண்டே இருந்தது. 1846 இல் பிரான்ஸில் ஆன் போலின் க்ரெப்பின் என்ற பெண் நல்ல ஒட்டு முறை ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் அது உருப்பட்டது.

மெல்லிய வாளில் என்ன இலாபம்? ஒவ்வொரு வெட்டிலும் வாளின் தடிப்பு அளவு மரம் தூளாகிப் போகிறது. பட்டிவாள் தின்பது இரண்டு மில்லிமீற்றர் அளவு, வட்டவாள் ஐந்தோ அதற்கு மேலேயோ தின்னும். எங்கள் குற்றியின் மெல்லிய முனை 33 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். 20 சென்ரிமீற்றர் அகலத்தில் இரண்டரை சென்ரிமீற்றர் தடிப்புப் பலகை பட்டிவாளில் 9 வரும், வட்டவாளில் 8 தான். 60 குற்றிக்கு 60 பலகை வித்தியாசம். வீட்டில் பென்சிலும் வட்டமும் வைத்துப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

அப்பா கணக்குப் போடவில்லை. குற்றியின் முனையில் வளையங்களைத் தடவி, "இதை இந்தப் பக்கம் உருட்டச் சொல்லு. நடுக்குருத்து விலகி நிக்குது, இழுத்துக்கொண்டு வளையும்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். வாள்காரர் அப்பாவை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார், குற்றியைத் திருப்பினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு குற்றி ஏறும்போதும் வாள்காரர் முதலில் அப்பாவைத்தான் பார்த்தார். மத்தியானம் ஆனபோது அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. ஒருவர் ஜேர்மனில் சொல்ல, மற்றவர் கையால் காட்ட, வேலை ஓடியது. இந்த நாட்டில் ஒருவர் அப்பாவிடம் வேலை விஷயத்தில் கருத்துக் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

அரிந்து விழுந்த பலகைகளில் மையை ஊற்றியது போல நீலக் கோடுகள் இருந்தன. வண்டு தன் உடம்பில் கொண்டுவரும் பூஞ்சணம் செய்கிற வேலை அது. பலத்துக்குக் குறைவில்லை, பார்வைக்குத்தான் குறை. கடையில் இதை இரண்டாந்தரம் என்பார்கள்.

மாலை நாலு மணிக்கு ஓப்பா இன்னொரு குற்றியைக் காட்டினார். காட்டின் ஓரத்தில் நின்ற பழைய ஓக், 2018 புயலில் விழுந்தது. வாள்காரர் ஒவ்வொரு குற்றிக்கும் செய்வது போலவே உலோகம் கண்டுபிடிக்கும் கருவியைத் தடவிக்கொண்டு போனார். நடுவில் அது கத்தியது. இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி கத்தியது. முனையில் கறுநீலமாக ஒரு கறை இருந்தது. ஓக்கில் உள்ள தனின் இரும்போடு சேர்ந்தால் அந்த நிறம்தான் வரும்.

ஆணியாக இருக்கலாம், என்றார் வாள்காரர். குண்டுச் சிதறலாகவும் இருக்கலாம். 1945 ஏப்ரலில் இந்தப் பகுதி முழுக்க அமெரிக்கப் படைகளின் முற்றுகைக்குள் இருந்தது. 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜேர்மன் படையினர் சரணடைந்த ரூர் முற்றுகை அது. ஆகனுக்குப் பக்கத்தில் உள்ள ஹியூர்ட்கன் காடு இதைவிட மோசம். 1944 செப்டெம்பரிலிருந்து 1945 பெப்ரவரி வரை அங்கே சண்டை, எறிகணைகள் மர உச்சிகளிலேயே வெடித்தன. போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்தும் அந்தப் பக்கத்து மரம் வாள்களை உடைத்தது. அதற்கு ஷ்பிளிட்டர்ஹொல்ஸ், சிதறல் மரம், என்று தனிப் பெயரே உண்டு. ஃபிக்ட மரங்களுக்கு இந்தப் பயம் இல்லை. அவை போருக்குப் பின் பிறந்தவை. இந்த ஓக் அதற்கு முந்தியது.

அப்பாவுக்கு நான் சொல்லி முடிக்குமுன்பே விளங்கிவிட்டது. அவர் வந்து அந்தக் கறைக்கு மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அப்பாவின் வீடு வலிகாமம் வடக்கில். 1990 இல் ஊரே இடம்பெயர்ந்தது. காணி எங்கள் கைக்குத் திரும்பி வர 2017 ஆனது. போர்க்காலத்தில் எத்தனையோ பனைகள் எறிகணையில் தலை இழந்தன, எத்தனையோ பனைகள் பங்கர்களுக்காகத் தறிக்கப்பட்டன. இதெல்லாம் நீங்கள் வீட்டில் கேட்ட கதைதான். நானும் கேட்டிருக்கிறேன். அன்று கேட்டது புதிது.

"ஐயா அந்த முற்றத்துப் பனையைத் தறிக்க விடேல்லை. எனக்குக் கலியாணம் எண்டால் அதில கைமரம் போட்டுக் கூரை மாத்துவம் எண்டு வச்சிருந்தவர். பிறகு போய்ப் பாத்தா அடிக்கட்டைகூட இல்லை."

வாள்காரருக்கு இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்கவில்லை. கருவியை நிறுத்திவிட்டு, இதை நான் அரியமாட்டேன், இங்கேயே கிடக்கட்டும் என்று ஓப்பாவிடம் சொன்னார். ஓப்பாவும் சரி என்றார். அது இன்றும் அங்கேதான் கிடக்கிறது, பாசி பிடித்து.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவிடம், பனையை இந்த வாளில் அரியலாமா என்று கேட்டேன். சிரித்தார். பனைக்கு வைரம் வெளியில், உள்ளே வெறும் சோற்றி. பலகை வராது, பிளந்து கைமரமும் சிலாகையும்தான் எடுக்கலாம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் தொல்காப்பியம் படித்தவர்களுக்கு ஞாபகம் வரலாம்: உள்ளே வைரம் உள்ளது மரம், வெளியே வைரம் உள்ளது புல் என்று மரபியலில் பிரிக்கப்பட்டிருக்கிறது. இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லுக்குக் கிட்டத்தான் வைக்கிறது. நான் அதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். அப்பா கோடாலியால் தெரிந்துவைத்திருக்கிறார்.

பலகையை அரிந்தவுடன் பாவிக்க முடியாது. ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் சின்னச் சிலாகை வைத்து, அந்தச் சிலாகைகள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக வரும்படி அடுக்கி, மேலே கூரையும் பாரமும் வைத்துக் காற்றில் விடவேண்டும். மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் காயும்போது பலகை பட்டைப் பக்கமாகக் குழியும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பாரம். (இயக்கியந்திர வாள் பிடிக்க இங்கே தனிப் பயிற்சி வேண்டும். பலகை அடுக்கப் பதினாலு வயது போதும். கையுறை கட்டாயம்.)

2022 கோடையில் அடுக்கைப் பிரித்தோம். ஓப்பா தன் மகளின் வீட்டுக்குத் தரை போட்டார். எங்களுக்கு 12 பலகை தந்தார். அப்பா கராஜில் ஒரு மாதம் தட்டிக்கொண்டிருந்து அம்மாவுக்குச் சாமித்தட்டு ஒன்று செய்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, எல்லாம் வடிவுதான், ஆனால் சாமி வைக்கிற இடத்தில் ஏன் இப்படி நீலம் பாரிச்சுக் கிடக்குது என்று கேட்டார்.

"சிவனுக்கே கழுத்தில நீலம்தானே" என்றார் அப்பா.