நல்ல தண்ணீர்

என் அறையில் ஒரு கடல்மீன் தொட்டி இருப்பதை அறிந்த நண்பர்கள் முதலில் கேட்பது, "லேக் மார்க்கெட்டில் கடல் தண்ணீருக்கு எங்கே போகிறாய்?" என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் இந்த இரண்டு ஆண்டுகளில் என்னை அலைக்கழித்தது உப்புத் தண்ணீர் அன்று. அந்த உப்பைக் கரைப்பதற்கு வேண்டிய நல்ல தண்ணீர். அதில் நான் செய்த பிழையால் ஓர் உயிர் போயிற்று. பலரிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதிவிடுகிறேன்.

திகா கடற்கரையிலிருந்து கேன்களில் கொண்டுவரலாமே என்பது பலரது யோசனை. ஆகாது. கங்கையும் பிரம்மபுத்திராவும் வந்து கொட்டுகிற வங்கக் கடலின் வடமுனையில் மேற்பரப்பு நீரின் உவர்ப்பு குறைவு. பருவமழைக்குப் பின் இன்னும் குறையும். வண்டலும் மிகுதி. பவளத்திட்டு மீன்களுக்குப் பழக்கமான கடல், மன்னார் வளைகுடாவில் தெளிந்து கிடக்கிறதே, அது. கொல்கத்தாவில் அதை நாமே தயாரித்தாக வேண்டும்.

தொட்டி வாங்கிய செய்தியைச் சொன்னபோது, தூத்துக்குடியிலிருந்து அப்பா உற்சாகமாகக் கேட்டார்: "யம்மா, நம்மூரு உப்பையே ஒரு மூட்டை அனுப்பட்டா?" உப்பளங்களைப் பார்த்தே வளர்ந்த எனக்கும் அது சரியென்றே பட்டது. பிறகுதான் உப்பளத்தில் நிகழ்வது என்னவென்று யோசித்தேன். கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிகின்றன. அதன்பின் சோடியம் குளோரைடு விளைகிறது. மக்னீசியம் செறிந்த கசப்பு மிச்சநீரை வடித்துவிடுகிறார்கள். நம் சமையலுக்கு வருவது, கடலிலிருந்து கடலின் பெரும்பகுதிக் குணத்தை நீக்கிய பின் எஞ்சுவது. சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிச் சேகரித்துவந்த நீரிலிருந்து 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் ஆராய்ந்தார்; 1884இல் முடிவுகள் வெளிவந்தன. பெருங்கடல்களில் உவர்ப்பின் அளவு இடத்துக்கு இடம் மாறினாலும் முதன்மை உப்புகள் தமக்குள் கொண்டுள்ள விகிதம் ஏறத்தாழ மாறுவதில்லை என்பதை அவை உறுதிசெய்தன. கடைகளில் விற்கும் செயற்கைக் கடலுப்புக் கலவைகள் அந்த விகிதத்தைப் பின்பற்ற முயல்பவை. லிட்டருக்கு ஏறத்தாழ 38 கிராம் கரைத்தால் ஆயிரத்துக்கு 35 என்னும் உவர்ப்பு கிடைக்கும். நீரில்தான் உப்பை இட வேண்டும்; உப்பின்மேல் நீரை ஊற்றினால் செறிவு மிகுந்து சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்துவிடும். ஒரு நாள் முழுவதும் சிறு பம்பால் சுழலவிட்டு, ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்த பின்னரே தொட்டியில் சேர்க்கலாம்.

இதெல்லாம் எளிது. பொதியின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். எந்த நீரில் கரைப்பது என்பதை மட்டும், "தூய நீரில்" என்று ஒரே தொடரில் முடித்துக்கொள்கிறார்கள்.

இந்நகரக் குழாய்களில் வருவது பெரும்பாலும் ஹூக்ளி நதியின் நீர். பல்தாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சுத்திகரிப்பு நிலையம் அமைத்துவிட்டார்கள். ஃபராக்கா அணை 1975இல் இயங்கத் தொடங்குவதற்கு முன், கோடையில் நதியில் நீர் குறைய, கடல் மேலேறி வரும். குடிநீரிலும் உவர்ப்பு கூடும். எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் மாமி 1968இல் திருமணமாகி கும்பகோணத்திலிருந்து இங்கே வந்தவர். "அப்பல்லாம் சித்திரை வந்தா குழாய் ஜலமே கரிக்கும்டி. உன் மீனை அப்போ விட்டிருந்தா அப்படியே நீந்திருக்கும்" என்பார். (மாமியின் 'ஜலமும்' வங்காளியரின் 'ஜொல்லும்' ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம்! ஐம்பது ஆண்டுகளாகத் தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவர் மொழிமாற வேண்டிய அவசியமே நேர்ந்ததில்லை.)

இப்போது குழாய் நீர் கரிப்பதில்லை. என் டிடிஎஸ் மீட்டரில் 160க்கும் 240க்கும் இடையே காட்டுகிறது. மனிதருக்குக் குறையில்லாத நீர். ஆனால் கிருமிக்காகக் கலந்த குளோரின் மீனின் செவுளை அரிக்கும்; சிலிக்கேட் பழுப்புப் பாசியையும், பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் பச்சைப் பாசியையும் வளர்க்கும். குளோரினைச் சோடியம் தயோசல்பேட்டால் முறிக்கலாம். மற்றவை அப்படிப் போவன அல்ல. ஆகவே தொட்டியை முதன்முதலாக நிரப்ப, கனிமநீக்கம் செய்த நீரைக் கடையிலிருந்து வாங்கினேன். மொத்தம் 95 லிட்டர். பண்ணையில் பொரித்த இரண்டு கோமாளிமீன்கள், நீண்ட வெள்ளை மீசையும் சிவந்த முதுகும் கொண்ட ஒரு துப்புரவு இறால்.

அதன்பின் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. எனவே ஈடுசெய்ய வேண்டியது நல்ல தண்ணீரால். மாமி வீட்டில் புதிதாக ஆர்.ஓ. கருவி வாங்கியிருந்தார்கள். நான் கேன் சுமப்பதைப் பார்த்து, "எதுக்குடி காசு? எங்காத்துல நல்ல ஜலம் இருக்கே" என்று தினமும் ஒரு ஜாடி கொடுக்கத் தொடங்கினார். மீட்டரில் 40 காட்டியது. குறைவுதானே என்று ஊற்றினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் இறால், தோலுரிக்கத் தொடங்கிப் பாதியில் நின்று, பாறையடியில் ஒருக்களித்துக் கிடந்தது. மீன்கள் நலமாக இருந்தன. அம்மோனியா இல்லை, உவர்ப்பு சரி, வெப்பம் சரி. காரணம் புரியாமல் மூன்று நாள் திரிந்தேன். நான்காம் நாள் மாமி வீட்டுச் சமையலறையில் காப்பிக்காகக் காத்திருந்தபோதுதான் கருவியின் முகப்பைப் படித்தேன்: தாமிரச் சத்து சேர்க்கும் கருவி. வடித்தெடுத்த நீரில் செம்பைத் திரும்பக் கலப்பதே அதன் பெருமை. செம்புக் குடத்து நீரை உயர்வாகக் கருதும் நாட்டில் அது நன்றாக விற்பதில் வியப்பில்லை.

நம் குடிநீர்த் தரநிர்ணயம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பை ஏற்கிறது. வேறு வழியில்லையெனில் 1.5 வரை அனுமதிக்கிறது. கடல்மீன்களின் ஒட்டுண்ணி நோய்க்குச் செம்பு மருந்தளவு ஏறத்தாழ 0.15 முதல் 0.20. அந்த அளவை மீன் தாங்கும், இறால் தாங்காது. இத்தனைக்கும் இறாலின் குருதியில் உயிர்வளியைச் சுமப்பதே செம்பு கொண்ட புரதம்தான். மாமியின் ஜாடியில் செம்பு அதிகம் இருந்திருக்க வேண்டியதில்லை. உப்பைப் போலவே அதுவும் ஆவியாகாதென்பதை நான் நினைக்கவில்லை. நீர் போய்க்கொண்டே இருந்தது. ஜாடிக்கு ஜாடி செம்பு சேர்ந்துகொண்டே இருந்தது. சோதனைப்பெட்டி வாங்கிப் பார்த்தபோது நிறம் 0.3ஐத் தொட்டது.

மொழியியல் படித்தவள் இதில் ஏமாந்திருக்கக் கூடாது. 'நல்ல தண்ணீர்' என்பதைப் பெயரடையும் பெயருமாகப் பிரித்துப் பொருள்கொள்ள முடியாது. அது ஒரே சொல்லாக இறுகிவிட்ட தொடர். "நல்ல தண்ணி வந்துட்டு" என்று எங்கள் தெருவில் குரல் எழுந்தால் குடங்கள் மட்டும்தான் வெளியே வரும். வங்காளியர் அதையே மிஷ்டி ஜொல், இனிப்பு நீர், என்கிறார்கள். இரண்டு மொழியிலும் தீர்ப்பளிப்பது நம் நாக்கு. நானோ அச்சொல்லைக் கேட்டதும் என் மீட்டரை நம்பியதாக எண்ணிக்கொண்டு, உண்மையில் சொல்லை நம்பினேன். மீட்டர் 40 என்றது. எதன் 40 என்று அது சொல்வதில்லை.

செம்பு மணலிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு பிறகு கசியக்கூடும் என்பதால் இரண்டையும் எறிந்துவிட்டேன். சொந்தமாக ஒரு சிறு ஆர்.ஓ. கருவியும், இறுதியில் மிச்ச அயனிகளைப் பிடிக்கும் பிசின் குடுவையும் பொருத்தினேன். இப்போது மீட்டரில் சுழி. ஆனால் ஒரு லிட்டர் தூய நீருக்கு மூன்று லிட்டர் கழிவு. குழாயில் நேரம் வைத்துத் தண்ணீர் விடும் ஊரில், நான்கு குடித்தனங்களுக்கு ஒரே தரைத்தொட்டி. மோட்டார் வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஓடுவதை முதலில் கவனித்ததும் மாமிதான். "யாரு ஜலத்தை இப்படிக் கொட்டறா?" என்று மாடிப்படியில் நின்று கேட்டபோது, எனக்கு உள்ளபடியே பதில் எழவில்லை. மீன் வளர்ப்பதற்காக அயலாரின் குளியல் நீரைச் சாக்கடைக்கு அனுப்புவது எந்த நியாயத்திலும் சேராது. அன்றிலிருந்து கழிவுக் குழாயை வாளியில் விடுகிறேன். குளோரினும் வண்டலும் நீங்கிய, குழாய்நீரைவிடச் சற்றே உப்பு மிகுந்த நீர் அது. துணி துவைக்கவும் தரை துடைக்கவும் எனக்கு வாரம் முழுவதும் போதும். மீதி மாமியின் துளசிக்கு. துளசி இதுவரை எந்தக் குறையும் சொல்லவில்லை.

"அந்த மீசைக்காரன் எங்கேடி காணோம்?" என்று மாமி கேட்டபோது, "பாறைக்குப் பின்னால் இருக்கான் மாமி" என்றேன். ஐந்து மாதம் அவன் பாறைக்குப் பின்னாலேயே இருந்தான். செம்புச் சோதனை தொடர்ந்து நிறமற்று வந்த பிறகு, சென்ற மாதம் இன்னொருவனைக் கொண்டுவந்தேன். "இதோ வந்துட்டானே!" என்று மாமி கண்ணாடியைத் தட்டினார். தினமும் மாலையில் ஒரு ஜாடி நல்ல ஜலம் இன்னும் மேலே வருகிறது. அதை நான் குடிக்கிறேன்.