எங்கிருந்து எண்ணுவது?

பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டு, கிறித்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில் உரைத்தது. செபம் சொல்லித்தரவும் நல்லொழுக்கம் பயிற்றவும் அக்கூற்றை நாம் உவப்புடன் ஏற்கிறோம். கணக்குப் பாடம் என்று வந்துவிட்டாலோ, தனிப்பயிற்சி ஆசிரியரைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறோம்.

எங்கள் மகள் எட்டாம் வகுப்பில் வரைபடப் பாடத்தைத் தொடங்கும் முன்பே வேறொரு பாடம் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது: “எனக்குக் கணக்கு வராது.” திருத்திய விடைத்தாளைப் பையின் அடியில் மடித்து வைக்கும் பழக்கமும் வந்திருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளை தன்மேல் தானே எழுதிக்கொள்ளும் தீர்ப்பு வாழ்நாளெல்லாம் அழியாமல் நிற்கக்கூடும். ஆகவே, அந்தப் பாடத்தை விளையாட்டின் வழியே வீட்டுக்குள் அழைத்து வந்தோம்.

மொட்டைமாடியில் சுண்ணக்கட்டியால் குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் இழுத்தோம். குறுக்குக் கோடு எக்ஸ் அச்சு. நெடுக்குக் கோடு ஒய் அச்சு. இரண்டும் வெட்டும் இடம் ஆதிப்புள்ளி. நான்கு திசையிலும் ஐந்தைந்து குறிகள் இட்டோம். “மூன்று, இரண்டு” என்றால் ஆதிப்புள்ளியிலிருந்து வலப்பக்கம் மூன்று அடி, பின்பு மேல்நோக்கி இரண்டடி. “இரண்டு, மூன்று” என்றால் அது வேறோர் இடம். அக்காளை ஓரிடத்திலும் தம்பியை மற்றோரிடத்திலும் நிறுத்தியபோது, எண்களின் வரிசை மாறினால் இடமே மாறிவிடும் என்பது விளக்கமின்றியே விளங்கிற்று. இடப்பக்கமோ கீழ்ப்பக்கமோ நடந்தால் குறை எண். தாளில் அவளை மிரட்டிய கழித்தல் குறி, காலால் நடந்தபோது வெறும் திசையாகிவிட்டது.

ஒரு சிக்கல் மட்டும் நீடித்தது. நின்ற இடத்தையே ‘ஒன்று’ என எண்ணத் தொடங்கினாள். தாயம் ஆடும்போது காய் இருக்கும் கட்டத்தை எண்ணுவோமா என்று கேட்டோம். சிரித்துவிட்டாள், அதன்பின் அப்பிழை வரவில்லை.

இரவில் வரைபடத்தாளில் ‘காணாமற்போன ஆடு’ விளையாடினோம். ஒருவர் தம் தாளில் ஓர் ஆட்டை மறைத்து வைப்பார். மற்றவர் ஒரு புள்ளியைச் சொல்லிக் கேட்பார். கோட்டின் வழியே நடந்தால் ஆடு அங்கிருந்து எத்தனை அடி என்று மறைத்தவர் விடை சொல்லவேண்டும். இருபுறமும் ஐந்து வரை எண்ணிட்ட தாளில் 121 புள்ளிகள் உண்டு. ஆதிப்புள்ளியிலிருந்து ஐந்தடி என்று விடை வந்தால், எஞ்சுவன 20 புள்ளிகளே. அவற்றை இணைத்தால் முனையில் நிற்கும் ஒரு சதுரம் தோன்றும். இதை எங்கள் மகள் தானே கண்டுபிடித்தாள். அன்று அவள் முகத்தில் எழுந்த ஒளியை எந்த மதிப்பெண்ணுக்கும் நாங்கள் மாற்றிக்கொள்ளமாட்டோம்.

இத்தளத்துக்குப் பெயர் தந்த ரெனே டெக்கார்ட், பிரான்சில் இயேசு சபையார் நடத்திய லா ஃபிளேஷ் கல்லூரியில் பயின்றவர். 1637-இல் அவர் வெளியிட்ட வடிவியல் நூல், கோட்டையும் வளைவையும் சமன்பாட்டால் எழுதலாம் என்று காட்டிற்று. ஆயினும் எங்களுக்கு இப்பாடத்தின் உட்பொருளை உணர்த்தியவர், ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பாட்டிதான். கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பழகிய அவர், பேத்தியின் தாளைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அதெல்லாம் சரிடி கண்ணு, எங்கேயிருந்து எண்ணணும்? அதை முதல்ல சொல்லு.”

அக்கேள்வி எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ஆதிப்புள்ளி மாறினால், அசையாத புள்ளிக்கும் எண்கள் மாறிவிடும். வகுப்பில் முதல் மாணவர் பெற்ற மதிப்பெண்ணை ஆதிப்புள்ளியாக வைத்து அளந்தால், எஞ்சிய பிள்ளைகள் பெரும்பாலும் குறை எண்களாகவே தெரிவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமிருந்து எண்ணத் தொடங்கினாலும் அதே கதைதான். பிள்ளை நின்ற இடத்தில்தான் நிற்கிறது; எண்ணும் இடத்தை நாம் தவறாகத் தேர்ந்துவிடுகிறோம்.

யோர்தான் ஆற்றில் தம் மகனை அன்புக்குரியவர் என்று தந்தை அறிவித்தபோது, இயேசு தம் பணிவாழ்வையே தொடங்கியிருக்கவில்லை. ஒரு புதுமையும் நிகழுமுன், ஒரு போதனையும் பிறக்குமுன், அந்த அன்பு வெளிப்பட்டது. நம் இல்லங்களிலும் எண்ணிக்கை அங்கிருந்தே தொடங்கவேண்டாமா? அன்பு உறுதியான இடத்தில் நின்றுகொண்டு பிள்ளை இடமாகவும் வலமாகவும், மேலும் கீழும் அஞ்சாமல் நடக்கும். தவறினால் திரும்பி வந்து மீண்டும் எண்ணும்.

அடுத்த தேர்வில் எங்கள் மகளின் மதிப்பெண் வானளாவ உயர்ந்துவிடவில்லை. விடைத்தாளை அவளே எடுத்துவந்து விரித்து, “இங்கேதான் வரிசையை மாற்றிவிட்டேன்” என்று சுட்டிக்காட்டினாள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

மாலைச் செபம் முடிந்தபின் அரைமணி நேரம், ஒரு சுண்ணக்கட்டி, ஒரு வரைபடத்தாள்: இவை எந்த ஏழை இல்லத்துக்கும் எட்டுபவை. தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் அமர்வோம். ஆட்டைத் தேடுவதில் அவர்கள் நம்மை வென்றால் மனமார மகிழ்வோம்.