பெயின்ட் இங்கே, படம் அங்கே

பாண்டுப் ஸ்டேஷனுக்கு மேற்கே எல்.பி.எஸ். மார்க்கில் நடந்தவர்கள் கண்ணில் ஒரு காலத்தில் பட்டதெல்லாம் தொழிற்சாலைச் சுவர்கள்தான். சியட் டயர், ஜி.கே.டபிள்யூ., இவற்றோடு ஏஷியன் பெயின்ட்ஸ். ஷிப்ட் நேரத்தை வைத்து உலையில் அரிசி போட்ட குடும்பங்கள் மலைச்சரிவு வரை குடியிருந்தன. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களும் அவற்றில் உண்டு. கோவில்பட்டியிலோ காரைக்குடியிலோ பொங்கலுக்கு ஜன்னல் கம்பிக்குப் பச்சை எனாமல் அடித்தவர்கள், அந்த டப்பா பாண்டுப்பிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்று யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால் டப்பாவில் இருந்த பையனை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நெற்றியில் புரளும் முடி, கையில் பிரஷ், பெயின்ட் வாளி, முகத்தில் குறும்பு. பெயர் கட்டு.

கட்டுவை 1954-ல் வரைந்தவர் ஆர்.கே. லக்ஷ்மண். மைசூரில் பிறந்த, வீட்டில் தமிழ் பேசிய இந்த இளைஞர் பம்பாயின் ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்கு விண்ணப்பித்தபோது திறமை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓவியப் பள்ளி வேண்டாம் என்று சொன்னவர் வரைந்த பையன், இந்தியாவின் வேறெந்த ஓவியரின் படமும் எட்டிப் பார்க்காத வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தான். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவன்தான் கம்பெனியின் முகம்.

பெயின்ட் தயாரான புறநகருக்கும், பெயின்ட் படமாகிற காலா கோடாவுக்கும் இடையே ஸ்லோ லோக்கலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரம்தான். வி.டி.யில் இறங்கி (1996-லிருந்து அதற்கு சத்ரபதி சிவாஜி பெயர் என்றாலும் வாயில் வருவது வி.டி.தான்) கால் மணி, இருபது நிமிடம் நடந்தால் ஜஹாங்கிர் ஆர்ட் கேலரி. நுழைவுக் கட்டணம் கிடையாது. யாரும் பெயர் கேட்பதில்லை. உள்ளே நல்ல காற்றோட்டம் வேறு. இருந்தும் முப்பது ஆண்டுகள் ஃபோர்ட்டிலும் சர்ச்கேட்டிலும் டைப் அடித்து, கணக்கெழுதி, ஃபைல் சுமந்து ஓய்வு பெற்ற புறநகர்த் தமிழர்களில் அந்தப் படியேறியவர்கள் சொற்பம்.

கலையில் ஆர்வம் இல்லை என்று சொல்ல முடியாது. ஷண்முகானந்தா சங்கீத சபா தொடங்கிய ஆண்டு 1952. ஜஹாங்கிர் கேலரி திறந்ததும் அதே 1952. கிங்ஸ் சர்க்கிளில் சபாவின் பெரிய அரங்கம் எழுந்தது 1963. ஜஹாங்கிரின் முதல் மாடியில் ஒரு பார்சித் தம்பதி ஒரு சின்ன கேலரியைத் திறந்ததும் அதே 1963. சபா அரங்கத்தில் 2,700-க்கும் மேற்பட்ட இருக்கைகள். 1990-ல் தீப்பிடித்து எரிந்து, 1998-ல் மீண்டும் திறக்கும்வரை அது மூடிக் கிடந்ததை மாதுங்கா முதல் முலுண்ட் வரை தமிழ்க் குடும்பங்கள் சொந்த வீட்டுத் துக்கம் போலப் பேசின. அந்த இன்னொரு 1963-ஐப் பற்றி அவர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது.

“நமக்கு என்ன புரியப் போகிறது” என்பது வழக்கமான பதில். தோடி ராகத்துக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுக் கேட்டுப் பழகுகிறது, அவ்வளவுதான். படத்துக்கு மட்டும் ஏன் பதவுரை தேவைப்படுகிறது? காரணத்தில் பாதி கேலரிகளின் பக்கம் இருக்கிறது. திறப்பு விழா மாலைகளின் ஒயின் கிளாஸ், தாழ்ந்த குரல் ஆங்கிலம், படிக்கப் படிக்கப் படம் மறைந்து போகும்படி எழுதப்பட்ட கேட்டலாக். மீதிப் பாதிக்குப் பத்திரிகைகளைச் சொல்ல வேண்டும். 2002-ல் தையப் மேத்தாவின் ‘செலிப்ரேஷன்’ நியூயார்க் ஏலத்தில் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குப் போனது செய்தியானது. படத்தில் என்ன இருந்தது என்பது செய்தியாகவில்லை. அன்றிலிருந்து ஓவியம் என்றாலே பாமர ஜனங்களுக்கு ஞாபகம் வருவது விலைதான்.

அந்த முதல் மாடி கேலரியின் கதை விலையில் தொடங்கவில்லை, சட்டத்தில் தொடங்கியது. படத்துக்குப் போடும் மரச் சட்டம். கேகூ காந்தி 1940-களில் ஃபிரேம் வியாபாரம் செய்தவர். (மகாத்மாவுக்கு உறவில்லை.) கெமிக்கல் மோல்டிங் என்பதைச் சுருக்கி வைத்த பெயர் கெமோல்ட். கடை ஜன்னலில் வெறும் சட்டத்தை மாட்டினால் நன்றாக இருக்காது என்று உள்ளே இளம் ஓவியர்களின் படங்களை வைத்தார். சினிமா பேனர் வரைந்து வயிறு வளர்த்த ஹுசைன், வீட்டு வேலையும் கார் துடைக்கும் வேலையும் பார்த்த ஆரா போன்றவர்கள் அவர்கள். வாங்க ஆளில்லாத காலம். ஹிட்லருக்குத் தப்பி பம்பாய்க்கு வந்த சில ஐரோப்பியர்கள்தான் அந்தப் படங்களை நின்று பார்த்தார்கள், எழுதினார்கள், வாங்கினார்கள். கேகூவும் மனைவி கோர்ஷெட்டும் 1963-ல் கேலரி கெமோல்டைத் திறந்தபோதும் பெரிய லாபக் கணக்கு ஒன்றும் இருந்திருக்க முடியாது. 1988-ல் பொறுப்பு மகள் ஷிரீனுக்கு வந்தது.

சின்ன இடத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. கீழே ஜஹாங்கிரின் பெரிய ஹால்களுக்கு வரிசையில் வருஷக் கணக்காகக் காத்திருக்க வேண்டும். கிடைத்த வாரத்தில் வாடகையையும் செலவையும் எடுத்தாக வேண்டிய கவலையில் ஓவியர் விற்கக்கூடியதை மாட்டுவார். மாடியிலோ முடிவு ஒரு குடும்பத்தின் கையில் இருந்தது. நஷ்டம் வந்தாலும் அவர்களுக்குத்தான்.

1992-ல் நளினி மாலினி அங்கே ‘சிட்டி ஆஃப் டிஸையர்ஸ்’ என்ற கண்காட்சி வைத்தார். கேன்வாஸ் இல்லை. கேலரியின் சுவரிலேயே நேராக வரைந்தார். பதினைந்து நாள் கழித்து சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். ராஜஸ்தானத்து நாத்வாராவில் பழைய சுவரோவியங்கள் கேட்பாரற்று அழிவதற்கு அவர் காட்டிய எதிர்ப்பு அது. விற்க எதுவும் இல்லாத கடையை அரை மாதம் திறந்து வைத்த வியாபாரியை என்னவென்று சொல்வது? ஆனால் பாண்டுப் சால் வராந்தாவில் விடியற்காலையில் கோலம் போட்டு, பள்ளிப் பிள்ளைகள் மிதித்து அது அழிவதைப் பார்த்தபடி காய் நறுக்கும் பெண்ணுக்கு இதில் விளங்காத விஷயம் எதுவும் இல்லை. அழியும் என்று தெரிந்தே வரைவது அவளுக்குப் பழக்கம். வித்தியாசம் ஒன்றுதான். கோலம் நாளைக்கும் வரும் என்ற நிச்சயம் அவளுக்கு உண்டு. நாத்வாராச் சுவருக்கு அது கிடையாது.

அந்த ஆண்டு டிசம்பரில் அயோத்தியில் மசூதி இடிந்தது. பம்பாய் எரிந்தது. டிசம்பரிலும் ஜனவரியிலுமாக 900 பேர் இறந்ததாக ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் சொன்னது. தாராவித் தமிழர்களுக்கு இதைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கேகூ காந்தி, கலவரத்துக்குப் பின் உருவான மொஹல்லா கமிட்டி வேலைகளில் இறங்கினார். ஓவியர் ருமானா ஹுசைன் கலவர நாட்களில் தன் பெயரின் காரணமாகவே வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அதற்கு முன் கேன்வாஸில் வரைந்துகொண்டிருந்தவர், அதற்குப் பிறகு உடைந்த மண்பானைகளைத் தரையில் வைத்தார். 1996-ல் கெமோல்டில் ‘ஹோம்/நேஷன்’ என்ற கண்காட்சி. வரவேற்பறையில் சோபாவுக்கு மேலே மாட்ட உதவாத சமாச்சாரம். அவர் 1999-ல், ஐம்பது வயதுகூட ஆகாமல் இறந்துவிட்டார். உடைந்த பானை என்றால் என்ன என்று ஆங்கிலக் கட்டுரைகள் பக்கம் பக்கமாக விளக்கியிருக்கின்றன. தாராவி கும்பார்வாடாவை ஒட்டி வளர்ந்த ஒருவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் என்ன நினைத்திருப்பார் என்பதுதான் எங்கும் பதிவாகவில்லை. அவர் அங்கே போயிருக்கவில்லை.

இத்தனைக்கும் அந்தச் சுவர்களில் தொங்கியதில் கணிசமானது புறநகரிலிருந்து போனதுதான். அதுல் டோடியா 1959-ல் காட்கோபரில் பிறந்தவர். பாண்டுப்பிலிருந்து வி.டி. பக்கம் மூன்றாவது ஸ்டேஷன். ஜே.ஜே.யில் படித்து, 1989-ல் கெமோல்டில் முதல் தனிக் கண்காட்சி வைத்தார். பெயரும் புகழும் வந்த பின்னும் காட்கோபரில் ஸ்டூடியோ வைத்து வேலை செய்தார். பின்னாளில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் கடை ஷட்டர். காலையில் தடதடவென்று மேலே போகும், ‘பந்த்’ என்றால் ஒரே நிமிடத்தில் கீழே இறங்கும் அதே இரும்பு ஷட்டர். 2002-ல் செய்த ‘மகாலக்ஷ்மி’யில் ஷட்டருக்கு வெளியே காலண்டர் லட்சுமி. மளிகைக் கடையில் ஊதுவத்தி காட்டும் அதே அம்மன். ஷட்டரை உயர்த்தினால் உள்ளே மூன்று பெண்கள் தூக்கில். பெற்றோருக்கு வரதட்சணைச் சுமை வேண்டாம் என்று கான்பூரில் ஒன்றாக உயிரை விட்ட மூன்று சகோதரிகள். வரைந்தது எனாமல் பெயின்டில்.

இந்தப் படத்துக்குப் பதவுரை எழுத வேண்டியவர்கள் மலபார் ஹில்வாசிகளாக இருக்கலாம். பாண்டுப்பில் மூன்று பெண்களைப் பெற்றவருக்குத் தேவைப்படாது.

2007-ல் கெமோல்ட் ஜஹாங்கிர் மாடியை விட்டு ஃபோர்ட்டில் பிரெஸ்காட் ரோட்டுக்கு, பெரிய இடத்துக்குப் போனது. உயரமான கூரை, விசாலமான சுவர். ஓவியங்களும் அதற்கேற்பப் பெரிதாயின. தவறில்லை. ஆனால் கீழே ஜஹாங்கிரைப் பார்க்க வந்தவர்கள் போகிற போக்கில் மாடிக்கும் ஏறிப் பார்க்கிற சங்கதி அதோடு போயிற்று. தேடிப் போகிறவர்கள்தான் போவார்கள். கல்லூரி மாணவர்களும் காசில்லாத கவிஞர்களும் ஒரு டீயை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்த சமோவார் கேன்டீனும் 2015 மார்ச்சில் மூடப்பட்டது. ஐம்பது வருஷக் கடை.

சின்ன இடங்கள் அதற்காக முளைக்காமல் இல்லை. 2010-ல் கொலாபாவில் பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில் கிளார்க் ஹவுஸ் இனிஷியேடிவ் தொடங்கியது. அங்கே 2012-ல் தன் முதல் தனிக் கண்காட்சியை வைத்த பிரபாகர் பாச்புதே சந்திரபூர் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்காரர். தலைமுறைகளாகச் சுரங்கத்தில் உழைத்த குடும்பம். அவர் எடுத்துக்கொண்டது கரித்துண்டு. சுவரில் கரியாலேயே சுரங்கத் தொழிலாளியை வரைந்தார். குடும்பம் தோண்டியதில் ஒரு துளியை மகன் சுவரில் தேய்த்தது போல. 2021-ல் பிரிட்டனின் ஆர்ட்டெஸ் முண்டி பரிசு, பட்டியலில் இருந்த ஆறு பேருக்கும் பகிர்ந்து தரப்பட்டபோது அவரும் ஒருவர். அதே வட்டத்திலிருந்து வந்த அமோல் பாட்டீல், மும்பை சால் வாழ்க்கையையும் துப்புரவுத் தொழிலாளிகளையும் தன் கலைக்குப் பொருளாக்கியவர். 2022-ல் ஜெர்மனியில் காஸல் நகரத்து டாகுமென்டாவில் அவர் படைப்பு இடம்பெற்றது. காஸலில் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில். அந்தச் சால்களில் பார்த்தவர்கள் எத்தனை பேரோ.

எதிர்த்திசையில் நடந்த காரியம் ஒன்றும் உண்டு. 2015-ல் ‘ஸ்நேஹா’ என்ற சுகாதாரத் தொண்டு அமைப்பு தாராவியிலேயே ஒரு பினாலே நடத்தியது. சந்து என்று பொருள்படும் ‘கல்லி’யையும் சேர்த்து ‘ஆலி கல்லி பினாலே’ என்று ஒரு விளையாட்டுப் பெயர். கலைஞர்கள் சொல்லிக் கொடுக்க, செய்தவர்கள் தாராவிவாசிகள். ஊட்டச்சத்து, சுத்தம், பெண்கள் படும் அடி உதை எல்லாம் விஷயமாயின. வீட்டு வன்முறையைக் காட்டும் வரைபடம் ஒன்றைப் பெண்கள் துணியில் தைத்தார்கள். இது கலையா, ஆரோக்கியப் பிரச்சாரமா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான், சில பொருட்கள் போஸ்டருக்கு மேல் எழும்பவில்லைதான். ஆனால் பார்க்க வந்தவர்கள் செருப்பைக் குனிந்து பார்த்துத் தயங்கவில்லை. யார் செய்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல முடிந்தது. தையல் நன்றாக இல்லை என்று சொல்லவும் முடிந்திருக்கும். தாராவியில் தையல் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்?

கேலரிகள் இதையெல்லாம் யோசிக்காமல் இருக்கின்றன என்று சொல்வது நியாயமில்லை. கட்டணமில்லை, கதவு திறந்திருக்கிறது, யாரும் வரலாம் என்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் மும்பையின் பெயர் பெற்ற கேலரிகளில் பெரும்பாலானவை இன்றும் கொலாபாவுக்கும் ஃபோர்ட்டுக்கும் நடுவே ஒரே கொத்தாகத்தான் இருக்கின்றன. பாண்டுப்காரருக்கு ஃபோர்ட்டில் வேலை இருந்தால் மாலை ஆறு மணிக்கு அவர் பார்ப்பது லோக்கலின் இண்டிகேட்டரை. குடும்பத்தோடு போக ஞாயிறுதான் தோது. ஜஹாங்கிர் திறந்திருக்கும். தனியார் கேலரிகளில் பலவற்றுக்கு அன்று விடுமுறை. சென்ட்ரல் லைனில் மெகா பிளாக் வேறு.