சிரிப்பு யார்மீது விழுகிறது?

நகைச்சுவைக் காட்சி என்றால் எனக்கு உயிர். வயது அறுபதை நெருங்கியும் அந்த ஆசை குறையவில்லை. ஆனால் ஒரு காட்சியைப் பார்த்துச் சிரித்ததற்காக நான் இன்றளவும் வருந்துகிறேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, எனக்குப் பிடித்தவற்றையும் சொல்லுகிறேன்.

எங்கள் வீட்டிற்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது 1990-ஆம் ஆண்டில். "செய்திகள் மட்டும்தான்" என்ற நிபந்தனையோடு வாப்பா வாங்கி வந்தார்கள். அந்த நிபந்தனை ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஒரு ஞாயிறு மாலை, தூர்தர்ஷனில் திரைப்படம். அதில் திக்கித் திக்கிப் பேசும் வேலைக்காரன் ஒருவன் வந்தான். அவன் வாய் திறக்கும்போதெல்லாம் வீடே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

என் தம்பிக்கு அப்போது பதினொரு வயது. அவனுக்கும் திக்குவாய். மறுநாள் பள்ளியில் பிள்ளைகள் அந்த வேலைக்காரனின் பெயரைச் சொல்லியே அவனை அழைத்திருக்கிறார்கள். அழுது வீங்கிய முகத்தோடு வந்தவனிடம், "யாரடா அவர்கள்? நான் வந்து கேட்கிறேன்" என்று சீறினேன். "நேற்று நீங்களும் சிரித்தீர்களே, காக்கா" என்றான். அந்த நான்கு சொற்களைச் சொல்லி முடிக்க அவனுக்கு நெடுநேரம் ஆயிற்று. எனக்கோ பதில் சொல்ல ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

அன்று முதல் எந்த நகைச்சுவையைப் பார்த்தாலும் சிரிப்பு யார்மீது விழுகிறது என்று கவனிப்பது என் வழக்கமாயிற்று.

1964-இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக நாகேஷ், தந்தையாக வரும் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லுகிறார். கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஓசைகளாலும் கையசைவுகளாலும் நாகேஷ் மிரட்ட மிரட்ட, பாலையாவின் முகத்தில் அச்சம் படிப்படியாக ஏறுகிறது. அங்கே யாருடைய குறையும் கேலிக்கு உள்ளாகவில்லை. கதை கேட்டு நடுங்கிய நம் சிறுவயதை நினைத்தே நாம் சிரிக்கிறோம். நாகேஷின் முகத்தில் அம்மைத் தழும்புகள் உண்டு. ஆனால் அவரை நினைக்கும்போது தழும்பா நினைவுக்கு வருகிறது? அவருடைய துள்ளலும் வேகமும் அல்லவா!

கவுண்டமணி, செந்தில் இணையையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1989-இல் வந்த 'கரகாட்டக்கார'னில் வாழைப்பழக் காட்சி அசைக்க முடியாதது. இரண்டு பழத்தில் ஒன்றைத் தின்றுவிட்டு, கையிலிருக்கும் பழமே அந்த இன்னொரு பழம் என்று சாதிக்கும் செந்திலின் தருக்கத்திற்கு விடையே கிடையாது. ஆயினும் அவருடைய உருவத்தையும் நிறத்தையும் வைத்து எழுந்த வசைகளைக் கேட்டு இப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவரைப் போன்ற தோற்றமுடைய பிள்ளைகள் எத்தனை வகுப்பறைகளில் தலைகுனிந்திருப்பார்கள்!

சார்லி சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' 1931-இல் வந்தது. பேசும் படங்கள் வந்துவிட்ட பின்னரும் அவர் வசனமின்றியே எடுத்த படம். பூ விற்கும் பார்வையற்ற பெண்ணைச் சாப்ளின் ஓசையின்றி அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் அங்கிருப்பதை அறியாத அவள், பாத்திரத்தைக் கழுவிய நீரை அவர் முகத்திலேயே வீசிவிடுகிறாள். கண் தெரியாதவள் அவள். ஆனால் சிரிப்பு விழுவதோ சாப்ளின்மீது! எளியவளை விலக்கிவிட்டுத் தன் முகத்தை நீட்டுகிறானே, அவனே என் கணக்கில் பெரிய கலைஞன்.

இன்று பெட்டி சுருங்கிக் கைக்குள் வந்துவிட்டது. பழைய காட்சிகளைப் பிள்ளைகள் துண்டு துண்டாகப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்களைச் சிரிக்க வேண்டாமென்று தடுக்காதீர்கள்; சிரிப்பில்லாத வீடு விளக்கில்லாத வீடு. அருகில் அமர்ந்து நீங்களும் பாருங்கள். அந்தச் சிரிப்புக்கு உரியவர் நம் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தால் அவரும் சேர்ந்து சிரிப்பாரா என்று ஒருமுறை கேளுங்கள்.

என் தம்பிக்கு இன்று பேரப்பிள்ளை உண்டு. திக்கல் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் பெருநாளன்று குடும்பம் கூடினால், செல்லப்பா சொன்ன பேய்க் கதையை நடித்துக் காட்டுபவன் அவன்தான். அந்தக் கதைக்குச் சொற்களைவிட ஓசைகளே அதிகம் தேவை அல்லவா! பாலையாவாக எதிரே அமர்ந்து நடுங்குகிறவன் நான்.

இப்போது வீடே சிரிக்கிறது, என்னைப் பார்த்து.