அயலும் ஒரு மருந்து



சுகாதாரம் என்பது நோயற்ற நிலை மட்டுமல்ல, பூரணமான உடல், உள, சமூக நன்னிலையாகும் என நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 1948ஆம் ஆண்டு வரைவிலக்கணம் அது. நானும் பரீட்சைக்காக மனனம் செய்தவள்தான். அதிலுள்ள ‘சமூக’ என்ற சொல்லின் பொருளை எனக்கு உணர்த்தியது ஒரு வெள்ளமாகும்.

2011 ஜனவரியில் பெய்த அடைமழையால் மட்டக்களப்பு மாவட்டம் பெரும் பாதிப்புக்குள்ளானது. சித்தாண்டியில் எங்கள் வளவுக்குள்ளும் வெள்ளம் ஏறியது. அப்போது நான் உயர்தர மாணவி. அம்மாவுக்குச் சீனி வருத்தம். காலில் சிறு புண்ணும் இருந்தது. சீனி வருத்தக்காரரின் புண்ணில் அழுக்கு நீர் பட்டுக் கிருமி தொற்றினால் காலையே இழக்க நேரிடலாம். ஆயினும் அம்மா வீட்டைவிட்டு வர மறுத்தார். பக்கத்து வளவு மாமா தோணியுடன் வந்தார். “அம்மாட கிளினிக் கொப்பிய எடுத்திட்டியா, பிள்ள?” என்றுதான் முதலில் கேட்டார். எனக்கு அந்த நினைவே இருக்கவில்லை.

பாடசாலையில் தங்கியிருந்தபோது, அங்கு வந்த சுகாதாரக் குழுவினர் அந்தக் கொப்பியைப் பார்த்தே மாத்திரை கொடுத்தனர். புண்ணுக்கும் மருந்து கட்டினர். சமைத்த பெண்கள் எல்லோருக்கும் குடிநீரைக் கொதிக்கவைத்தனர். அம்மாவுக்குச் சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கூட்டிப் போட்டனர். வயல் அழிந்ததை நினைத்து அம்மா அழுத இரவுகளில், யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

வெள்ளம் வடிந்ததும் கிணறுகளை இறைக்க வேண்டியிருந்தது. ஒரு வீட்டாரால் தனியே முடிகிற வேலையல்ல அது. இளைஞர்கள் வளவு வளவாகச் சென்று இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்ன அளவில் குளோரின் இட்டனர். ஒரு வீட்டில் தொடங்கும் வயிற்றோட்டம் அயலெங்கும் பரவும். ஆகவே, கோபித்துக்கொண்டு பேசாமலிருந்த வீட்டுக் கிணற்றையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

அம்மாவின் புண் ஆறியது. மருந்து தந்தவர்கள் வைத்தியர்கள். அந்த மருந்து அம்மாவிடம் வந்து சேர வழிசெய்தவர்கள் அயலவர்கள். இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் என்ன நடந்திருக்குமோ என்று இன்றும் நினைப்பேன்.

மாணவர்களே, அடுத்த மாரிக்கு முன்பு உங்கள் ஒழுங்கையில் கிளினிக் செல்பவர் யார், தனித்திருக்கும் முதியவர் யார் என்று அறிந்துகொள்ளுங்கள். அவர்களது கொப்பியும் மாத்திரையும் நனையாத பையில் இருக்கின்றனவா எனக் கேளுங்கள். வரைவிலக்கணத்தை விடைத்தாளில் எழுதினால் புள்ளி கிடைக்கும். அதன்படி நடந்தால் ஓர் உயிர் பிழைக்கக்கூடும்.