கப்பிக் குட்டிகளுக்குத் தாய் யார்?

வீட்டில் மீன்தொட்டி வைக்க விரும்புவோர் பலரும் முதலில் வாங்குவது கப்பி மீனைத்தான். விலை மலிவு, வண்ணமோ கண்ணைப் பறிக்கும். நம் நாட்டுச் சிறுவர்கள் இதன் எளிய வகையை ‘லோங்காங் மீன்’ என்று அழைப்பார்கள். மழைநீர்க் கால்வாயில் அதைப் பிடித்துப் பழைய போத்தலில் வளர்த்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு.

ஆனால், இம்மீன் நம் கால்வாய்களுக்கு உரியதன்று. இதன் தாயகம் தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் அதனை அடுத்துள்ள திரினிடாட் தீவும் ஆகும். 1859இல் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்னும் செருமானிய அறிஞர் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். பின்னர், திரினிடாட்டிலிருந்து இம்மீனை இலண்டனுக்கு அனுப்பிவைத்த இராபர்ட் கப்பி என்பாரின் பெயரால் 1866இல் மற்றொரு பெயர் இடப்பட்டது. அறிவியல் முறைப்படி முதற்பெயரே நிலைத்தது. மக்கள் வழக்கில் ‘கப்பி’ நிலைத்துவிட்டது. கொசுப் புழுக்களைத் தின்னும் என்பதால் 20ஆம் நூற்றாண்டில் பல நாடுகளின் நீர்நிலைகளில் இதனைக் கொண்டுபோய் விட்டார்கள்.

கப்பி முட்டையிடுவதில்லை, குட்டி ஈனும். இதைப் பாடத்தில் சொல்லும்போதெல்லாம் மாணவரிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி எழும். “ஐயா, தாய்மீனே தன் குட்டியைத் தின்னுமாமே, உண்மையா?”

உண்மைதான். கப்பியிடம் பிள்ளையைப் பேணும் இயல்பு கிடையாது. கண்முன் அசையும் சிறிய பொருள் எதுவாயினும் அதற்கு அஃது இரையே. ஆயினும், இதனைக் கொடுமை என்று சொல்லுதல் பொருந்தாது. ஓடையில் பிறக்கும் குட்டி உடனே நீந்தி, கரையோரச் செடிகளுக்கிடையே ஒளிந்துகொள்ளும். கண்ணாடித் தொட்டியிலோ அதற்கு ஓடி ஒளிய இடமில்லை. அந்தக் கண்ணாடிச் சுவரை எழுப்பியவர்கள் நாம். ஆகவே, குட்டிகளைக் காக்கும் பொறுப்பும் நம்மையே சாரும்.

பிறப்பதற்கு முன்

பெண்மீன் ஏறத்தாழ 21 முதல் 30 நாள் வரை கருவைச் சுமக்கும். வயிற்றின் பின்புறத்தில் உள்ள கரும்புள்ளி நாளுக்கு நாள் பெரிதாகும். வயிறு புடைத்துப் பக்கவாட்டில் சதுரமாகத் தோன்றினால் ஈனும் நாள் நெருங்கிவிட்டது என்று அறியலாம். குட்டி பிரிக்கும் நெகிழிப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. தாயைப் பல நாள் முன்னதாகவே அதனுள் அடைத்தால் மிரண்டு துன்புறும். அதனினும் நல்ல வழி, தொட்டியில் ஜாவா பாசியையும் மிதக்கும் செடிகளையும் அடர்த்தியாக இடுவதாகும். குட்டிகள் அவற்றுள் புகுந்து தப்பிக்கும். நாம் அவற்றை மெல்லச் சேகரித்து வேறு தொட்டிக்கு மாற்றலாம். ஓர் ஈற்றில் பத்துக் குட்டிகளும் பிறக்கலாம். முதிர்ந்த தாயாயின் ஐம்பதுக்கு மேலும் பிறக்கலாம்.

முதல் ஆறு வாரங்கள்

பிறந்த குட்டி ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இராது. அதன் வயிறு மிகச் சிறியது. எனவே, நாளுக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் மிகச் சிறிதளவே உணவிட வேண்டும். ஆர்ட்டீமியா எனப்படும் உவர்நீர் உயிரியின் குஞ்சுகளே சிறந்த உணவு. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 25 கிராம் உப்பைக் கரைத்து, அதில் ஆர்ட்டீமியா முட்டைகளை இட்டுக் காற்றுக்குழாயை ஓடவிட்டால், நம் நாட்டு வெப்பத்தில் ஒரு நாளிலோ ஒன்றரை நாளிலோ பொரித்துவிடும். அவற்றை நல்ல நீரில் அலசிய பிறகே குட்டிகளுக்கு இட வேண்டும். அதற்கு வசதியில்லாதவர்கள் மீனுணவுச் செதில்களைப் பொடியாக நசுக்கித் தரலாம். வேகவைத்த மஞ்சட்கருவையும் தரலாம். ஆனால், குண்டூசித் தலையளவுக்கு மேல் போனால் நீர் கெட்டுவிடும்.

குட்டிகள் இறப்பதற்குப் பசியைவிட நீரே பெரும்பாலும் காரணமாகிறது. எஞ்சிய உணவும் கழிவும் அழுகி அம்மோனியாவாகின்றன. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரிலும் அந்நஞ்சு இருக்கலாம். பஞ்சு வடிகட்டியைப் பயன்படுத்தினால் குட்டிகள் உறிஞ்சப்படாமல் இருக்கும். நன்மை செய்யும் நுண்ணுயிரிகளும் அதில் வளர்ந்து கழிவைச் சிதைக்கும். வாரத்தில் இரண்டு முறை கால்பங்கு நீரை மெல்லிய குழாயால் வெளியேற்ற வேண்டும். வெளியேறும் நீரை வாளியில் பிடியுங்கள். தவறி வந்த குட்டியை அதிலிருந்து மீட்டுவிடலாம்.

குழாய்நீரில் உள்ள குளோரின் மீனுக்கு ஆகாது. நீரை ஒரு நாள் திறந்துவைத்தால் குளோரின் அகலும். சிங்கப்பூரைப் போலக் குளோரமைன் சேர்க்கும் இடங்களில் இம்முறை பயன்படாது. அதற்குரிய மருந்தைக் கலக்க வேண்டும். நீர் வைத்த வாளியை மெல்லிய துணியால் மூடிக் கட்டுவது மிக முக்கியம். மீன் உள்ள தொட்டியில் கொசுப்புழு தப்பாது. மீன் இல்லாத வாளியிலோ ஏடிஸ் கொசு பெருகும். மீன் வளர்க்கும் வீடு டிங்கிக்கு இடம் கொடுக்கலாகாது.

எண்ணிப் பார்க்க வேண்டியது

இரண்டு பெண்மீன்கள் மாதந்தோறும் முப்பது குட்டிகள் வீதம் ஈனுவதாகக் கொள்வோம். மூன்று மாதத்தில் 180 குட்டிகள்! 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். அதில் இருபத்தைந்து பெரிய மீன்கள் வாழ்வதே மிகுதி. ஆணை அகற்றிவிட்டாலும் பிறப்பு நின்றுவிடாது. ஒருமுறை கூடிய பெண்மீன் ஆணின் உயிரணுக்களைப் பல மாதம் உடலில் காத்து, மீண்டும் மீண்டும் ஈனும் ஆற்றலுடையது.

எனவே, நான்காம் வாரத்திலிருந்து குட்டிகளைக் கூர்ந்து நோக்க வேண்டும். வயிற்றின் அடியிலுள்ள துடுப்பு விசிறிபோல் இருந்தால் பெண். குச்சிபோல் நீண்டு ஒடுங்கினால் ஆண். அடையாளம் தெரிந்த அன்றே இரண்டையும் தனித்தனியே பிரித்துவிட வேண்டும். முதுகு வளைந்தவற்றை இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தலாகாது. வளமான சிலவற்றை மட்டும் இணைசேர்த்து, மற்றவற்றை நண்பருக்கோ மீன்கடைக்கோ கொடுக்கலாம்.

“மிஞ்சியதை ஆற்றில் விட்டால் புண்ணியம்தானே?” என்பார் சிலர். புண்ணியமன்று. நம் ஆறுகளுக்கு உரிய சிறுமீன்களோடு அவை இரைக்கும் இடத்திற்கும் போட்டியிடும். தொட்டியின் நோயையும் உடன் கொண்டுசெல்லும். ஏற்கெனவே கால்வாயில் கப்பி இருக்கிறதே என்பது, மேலும் விடுவதற்குக் காரணமாகாது.

பிள்ளைகள் கப்பி வேண்டுமென்று கேட்டால் மறுக்காதீர்கள். ஆனால், வாங்கும் முன்பு அவர்களோடு அமர்ந்து ஒரு தாளில் இம்மூன்றையும் எழுதுங்கள்: நாள்தோறும் உணவிடுபவர் யார்? நீர் மாற்றும் நாள் எது? பிறக்கும் குட்டிகள் எங்கே போகும்? மூன்றாம் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் ஆண்மீன்களை மட்டுமே வாங்குங்கள். வண்ணமெல்லாம் அவற்றிடம்தான் இருக்கிறது!